சிறு கசிவும் செப்பனிடுதலும்

பெருங்கேடுகள் பலவும் சிறியனவாகத் தோன்றும் பழுதுகளிலிருந்தே பிறக்கின்றன. ஏரிக்கரையில் நண்டு தோண்டிய வளை நாளடைவில் கரையையே உடைத்துவிடும். இதனை அறிந்த ஊரார், கரையில் சிறிது ஈரம் காணினும் அஃது எங்கிருந்து வருகின்றது என்று தேடுவர். மேலே மண்ணை அப்பிவிட்டு வீடு திரும்பார். பொறிகளைப் பேணுவார்க்கும் இவ்விழிப்பே வேண்டும். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றில் பெட்ரோல் கசிவதை ஆராய்ந்தால் இவ்வுண்மை இனிது விளங்கும்.

புல்லட் என்னும் மோட்டார் சைக்கிளை அறியாதார் தமிழகத்தில் மிகச் சிலரே. இங்கிலாந்து நாட்டு ரெடிட்ச் நகரில் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் உருவாக்கிய அவ்வூர்தியைச் சென்னையில் செய்வதற்கென 1955-ஆம் ஆண்டில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றிற்று. அதன் தொழிற்சாலை திருவொற்றியூரில் அமைந்தது. பின்னர் இங்கிலாந்தில் அவ்வுற்பத்தி முடிவுற்றது. சென்னையிலோ தொடர்ந்து நடைபெற்றது. ஐம்பது, அறுபது ஆண்டுகட்கு முன் செய்யப்பெற்ற புல்லட்டுகள் சில இன்றும் நம் சாலைகளில் ஓடுகின்றன. அதற்குக் காரணம் அவற்றின் இரும்பு மட்டும் அன்று. பழுதைக் கண்டு, காரணம் தேர்ந்து, செப்பனிட்ட தொழிலாளர்தம் கைகளும் ஆகும்.

இவ்வகைப் பழைய ஊர்திகளில் பெட்ரோல் டேங்க் மேலே உள்ளது. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் அதற்குக் கீழே உள்ளது. மேட்டு நீர் பள்ளம் நோக்கிப் பாய்வதுபோல, பெட்ரோல் தன் எடையாலேயே கீழிறங்குகின்றது. அவ்வழியைத் திறக்கவும் மூடவும் டேங்கின் அடியில் பொருத்தப்பெற்ற சிறு கருவியையே தொழிலாளர் பெட்ரோல் டேப் என வழங்குவர். ஏரிக்கு மதகு எத்தகையதோ, டேங்குக்கு டேப் அத்தகையது.

பழைய ஆங்கில ஊர்திகள் பலவற்றின் டேப்பினுள், இழுத்தால் வழியைத் திறந்து அழுத்தினால் மூடும் தண்டு ஒன்று உண்டு. அத்தண்டைச் சூழ்ந்த தக்கையே பெட்ரோலைத் தடுத்து நிறுத்துவது. நனைந்திருக்கும்வரை தக்கை பருத்து இறுகி நிற்கும். ஊர்தி நெடுநாள் ஓடாது நின்று டேங்க் வறண்டால், தக்கையும் உலர்ந்து சுருங்கும். பின்னர்ப் பெட்ரோலை ஊற்றியவுடன், சுருங்கியதால் உண்டான இடைவெளி வழியே கசிவு தொடங்கும். உழைப்பால் தேய்வன உலகில் பல உள. உழையாமையால் கெடுவனவும் உள என்பதற்கு இத்தக்கை சான்றாகும். பின்னாளில் வந்த டேப்களில் தக்கைக்கு மாறாக ரப்பர் வாஷர் இடம்பெற்றது. அதுவும் ஆண்டுகள் செல்லச்செல்ல இறுகி வெடிப்பதே இயல்பு.

நொடிக்கு ஒரு துளிதானே என்று சிலர் வாளாவிருப்பர். ஒரு நாளில் 86,400 நொடிகள் உள்ளன. 40 துளிகள் ஒரு மில்லிலிட்டர் எனக் கொண்டால், ஒரு நாளில் 2 லிட்டருக்கு மேல் ஒழுகிவிடும். 14 லிட்டர் கொள்ளும் டேங்க் ஒரு வாரத்திற்குள் வறிதாகும். பொருளிழப்பினும் கொடியது தீயால் வரும் இடர். பூச்சியத்திற்குக் கீழ் சுமார் 40 பாகை செல்சியசு அளவான கடுங்குளிரிலும் பெட்ரோல் தீப்பற்றும் ஆவியை எழுப்ப வல்லது. அவ்வாவி காற்றினும் கனமானது. தரையை ஒட்டிப் படர்ந்து, சற்றுத் தொலைவிலுள்ள அடுப்பையும் எட்டிப் பற்றும். ஊர்தியை வீட்டு நடையிலோ மாடிப்படியின் கீழோ நிறுத்துதல் பலர்க்கு வழக்கம். அங்கே ஒருவரது சோம்பல், உள்ளே உறங்குவார் அனைவர்க்கும் கேடாய் முடியலாம் அன்றோ?

கண்ணுக்குப் புலப்படாத கசிவும் உண்டு. டேப் முற்றும் மூடாமலும், கார்புரேட்டரின் ஊசி தன் வழியை நன்கு அடைக்காமலும் இருப்பின், பெட்ரோல் எஞ்சினுள் புகுந்து அங்குள்ள எண்ணெயை நீர்க்கச் செய்யும். நீர்த்த எண்ணெய் உறுப்புகளைத் தேய்மானத்தினின்று காவாது. வெளியே தரை உலர்ந்திருக்க, உள்ளே எஞ்சின் கெட்டுக்கொண்டிருக்கும்.

இனி, இக்குறையைத் தீர்க்குமாறு யாங்ஙனம்? பிணி இன்னதென அறிதல், அதன் காரணத்தைத் தேர்தல், தீர்க்கும் வழியைத் துணிதல், அதற்கேற்பச் செய்தல் என மருத்துவர்க்குத் திருவள்ளுவர் காட்டிய முறை பொறிகளைச் செப்பனிடுவார்க்கும் முற்றும் பொருந்தும். கசிவு டேங்கும் டேப்பும் கூடுமிடத்திலா, தண்டின் அருகிலா, ரப்பர்க் குழாயின் வாயிலா என்பது முதலில் தெளியப்பட வேண்டும். டேப்பை நன்கு துடைத்து உலர்த்திச் சுண்ணாம்புக்கட்டித் தூளைத் தூவினால், தூள் முதலில் நனையும் இடம் கசியும் இடத்தைக் காட்டிவிடும். பொறுமையோடு நோக்குவார்க்கு இதனினும் பெரிய கருவி வேண்டுவதில்லை.

டேப்பைக் கழற்றுமுன், காற்றோட்டமான வெளியிடத்தில், நெருப்பும் தீப்பொறியும் அணுகாதவாறு, டேங்கிலுள்ள பெட்ரோல் முழுவதையும் மூடியுள்ள தகரக் கலத்தில் வடித்துவிடுதல் வேண்டும். இப்பணியை மாணவர் தனித்துச் செய்தல் தகாது; தொழில் அறிந்தார் அருகிருத்தல் இன்றியமையாதது. சுருங்கிய தக்கையை வெந்நீரில் ஊறவைத்தால் அது மீண்டும் பருக்கும். சிதைந்த தக்கையை மாற்றிவிடுவர். தேய்ந்து கோடு விழுந்த டேப்பின் முகத்தை, கண்ணாடிப் பலகைமேல் பரப்பிய நுண்ணிய உப்புத்தாளில் தேய்த்துச் சமன் செய்வர். மீண்டும் பூட்டும்போது அளவுக்கு மேல் முறுக்குதல் தவறு. பித்தளை மென்மையானது, முரட்டு வலிமைக்கு அதன் மரை சிதைந்துவிடும்.

இவ்வளவும் செய்தபின் சில வாரங்களில் மீண்டும் கசிவு தோன்றுவதும் உண்டு. டேங்கின் உட்புறம் பிடித்த துரு, பொடியாய் உதிர்ந்து டேப்பினுள் இறங்கித் தக்கையைக் கீறியிருக்கும். தக்கையை மாற்றியவர் விளைவை நீக்கினாரேயன்றிக் காரணத்தை நீக்கினார் அல்லர். டேங்கைத் தூய்மை செய்யாது எத்தனை தக்கைகளை மாற்றினும் பயன் இல்லை. மேலும், 2023-ஆம் ஆண்டில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இந்நாட்டில் விற்பனைக்கு வந்தது. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்பினது. பழைய ரப்பர் வகைகள் சிலவற்றைப் பருக்கவும் மென்மையாக்கவும் வல்லது. ஆதலின், அதனைத் தாங்கும் ரப்பரைத் தேர்ந்திடாவிடின் புதிய வாஷரும் விரைவில் பழுதாகும்.

கசியும் இடத்தில் சோப்பை அழுத்திப் பூசினால் போதும் என்பாரும் உளர். நடுவழியில் நின்றவர் வீடு சேரும்வரை அஃது உதவலாம். ஆயினும், மறைத்தல் வேறு, தீர்த்தல் வேறு. புதிய டேப்பை வாங்கிப் பொருத்துவதே எளிது என்பார் கூற்றிலும் உண்மை இல்லாமல் இல்லை. உடல் வெடித்த டேப்பைச் செப்பனிட முயல்வது அறிவுடைமை ஆகாது. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய உறுப்புகளும் பல கிடைக்கின்றன. எனினும், வாங்கும் உறுப்பு நல்லதா, தீயதா என்பதை யார் அறிவார்? பழுதின் காரணத்தை அறிந்தவரே அறிவார். அறியாதார் கையில் புதிய டேப்பும் நாளைய பழைய டேப்பே. துருவேறிய டேங்க் அதனையும் கெடுத்தே தீரும்.

கையால் செய்யும் வேலையைக் கல்வியினின்று வேறாகக் கருதும் மனப்பான்மை நம்மவரிடையே இன்னும் முற்றும் நீங்கவில்லை. எண்ணெய்க்கறை படிந்த கையினர் கல்லாதவர் என்பது பேதைமை. திரவம் மேலிருந்து கீழிறங்குதல், ஆவி தாழ்ந்து படர்தல், உலர்ந்த தக்கை சுருங்குதல் ஆகியவற்றைப் பாடநூலில் படிப்பவர் பலர். பட்டறையில் அமர்ந்து அவற்றை நாள்தோறும் கண்டு, அக்காட்சியிலிருந்து முடிவு காண்பவர் ஆய்வாளரே ஆவர். அவர்க்கு நூலறிவும், நூல் கற்றார்க்கு அவர்தம் கைத்திறனும் கூடுமாயின், இந்நாட்டில் வீணாய் எறியப்படும் பொருள்கள் பெரிதும் குறையும். அறியாமையால் நேரும் தீயிடர்களும் குறையும்.

மாணவர்கள் தம் வீட்டிலோ பள்ளியிலோ ஒழுகும் குழாயையோ உடைந்த நாற்காலியையோ காணும்போது, அது பிறர் வேலை என்று விலகிச் செல்லுதல் கூடாது. எங்கே பழுது, எதனால் பழுது என்னும் இரு வினாக்களையும் எழுப்பி விடை தேடுதல் வேண்டும். தம்மால் இயன்றதைத் தாம் செய்து, இயலாததை அறிந்தாரிடம் உரிய காலத்தில் ஒப்படைத்தல் அவர்தம் கடனாகும்.