தேசப்பற்று நிறுவைச் சட்டம்

தோழர்களே, இப்படியொரு சட்டமூலம் வருகிறதென்று வைத்துக்கொள்வோம்:

1. காலைப் பெரட்டில் தேசிய கீதத்தை மெதுவாகப் பாடுபவருக்கு அரைப்பேர்.
2. கொழுந்தோடு தேசப்பற்றும் நிறுக்கப்படும். குறைந்தால் கிலோ வெட்டு.
3. லயத்துத் தொலைபேசிகளை அதிகாரி தினமும் திறந்து பார்ப்பார். சம்பளம் போதாதென்று பேசியிருந்தால் தேசத்துரோகம்.

சிரிக்கிறோம். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது நம் பாட்டன்மார் சிரிக்கவில்லை, நாடற்றவர்களானார்கள். 1979இல் 'தற்காலிக ஏற்பாடு' என்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் நாற்பது ஆண்டுகளைத் தாண்டியது. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம், இணையத்தில் எது பொய்யென்று தீர்மானிக்க ஐவர் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் கொடுத்தது.

நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாது. சட்டமூலமாக இருக்கும்போதே உயர் நீதிமன்றம் போகவேண்டும். ஆகவே வர்த்தமானி வந்ததும் தோட்டக் கமிட்டியில் வாசியுங்கள். பிள்ளைகள் வாசிக்கட்டும், பெரியவர்கள் கேள்வி கேட்கட்டும்.

மலையைத் தேயிலையாக்கியவர்களின் தேசப்பற்றை நிறுக்கும் தராசு எவரிடமும் இல்லை.