கற்பிப்பவருக்கும் வேண்டும் கட்டுப்பாடு

பிள்ளைகளுக்கு ஒழுக்கம் வரும் என்று நம்பி கராத்தே, சிலம்ப வகுப்புகளில் சேர்க்கும் பெற்றோர் பலர். 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது இந்த ஆர்வத்துக்கு ஊக்கம் தந்தது. ஆனால், தற்காப்புக் கலை தானாகவே ஒழுக்கத்தைத் தந்துவிடாது என்பதற்கு ஜப்பானே சாட்சி. 2012-இல் நடுநிலைப் பள்ளிகளில் அக்கலைகளைக் கட்டாயமாக்கிய அந்நாட்டில், 1983-க்குப் பிறகு பள்ளி ஜூடோ பயிற்சிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். வெற்றி மோகம் எல்லை மீறுவதைக் கண்ட ஜூடோ கூட்டமைப்பு, தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கான தேசியத் தனிநபர் போட்டியையே 2022-இல் கைவிட்டது.

போட்டி இல்லாவிட்டால் ஆர்வம் குன்றும் என்பார்கள். போட்டி இருக்கட்டும், பிஞ்சு வயதில் பதக்கமே குறியாகிவிடக் கூடாது. கண்டிப்பான ஆசானிடம்தான் கலை படியும் என்ற வாதமும் உண்டு. அடிக்குப் பயந்து அடங்குவது ஒழுக்கமாகாது. ஓங்கிய கையை உரிய நேரத்தில் நிறுத்தத் தெரிவதே ஒழுக்கம். அதை ஆசானின் நடத்தையிலிருந்துதான் மாணவர்கள் கற்கிறார்கள். எனவே பயிற்றுநர்களுக்குத் தகுதிச் சான்று, முதலுதவிப் பயிற்சி, தலைக்காயத் தடுப்பு விதிகள் ஆகியவற்றை அரசு கட்டாயமாக்க வேண்டும். பெற்றோரும், பிள்ளைக்கு எப்போது கறுப்புப் பட்டை கிடைக்கும் என்று கேட்கும் முன், கற்பிப்பவரின் தகுதியை விசாரிக்க வேண்டும்.