நோட்டும் நாணயமும்

கடியப்பட்டணம் போன்ற நமது கடற்கரை ஊர்களில், பாட்டனார் காலத்துத் தகரப்பெட்டி ஒன்றேனும் இல்லாத வீடு அரிது. அதன் அடியில் ஞானஸ்நானச் சீட்டும், மனைப் பத்திரமும், கொழும்பிலிருந்து வந்த பழைய கடிதமும், சில வேளைகளில் மடித்து வைத்த பழைய நோட்டு ஒன்றும் கிடக்கும். இவ்வளவு காலமாக அந்த நோட்டைப் பொருட்படுத்தியவர் இல்லை. இப்பொழுதோ கைப்பேசிதோறும் விளம்பரங்கள் வந்து விழுகின்றன. பழைய நோட்டுக்குப் பல லட்சம் ரூபாய் தருவதாகவும், அதற்கு முன்னர் பதிவுக் கட்டணமும் வரியும் அனுப்ப வேண்டுமென்றும் அவை கூறுகின்றன. அனுப்பியவன் லட்சத்தையும் காணான். அனுப்பிய தொகையையும் காணான். இந்த மோசக்காரர்கள் ரிஸர்வ் பாங்கின் பெயரையும் முத்திரையையும் எடுத்தாளத் துணிந்தமையால், அப்பாங்கே 2021 ஆகஸ்டு 4-ந் தேதி ஓர் எச்சரிக்கை விடுக்க நேர்ந்தது. பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தான் ஈடுபடுவதில்லை என்றும், அதற்காக எவரிடமும் கட்டணமோ தரகோ கேட்பதில்லை என்றும் அது தெளிவாகக் கூறிற்று.

இது ஒரு வகை மோசம். இதற்கு நேர்மாறான மோசமும் ஒன்றுண்டு. விவரமறிந்த ஒரு தரகன் வந்து, “வெறுங் காகிதந்தானே” என்று சொல்லி, அருமையான பொருளைச் சொற்ப விலைக்கு வாங்கிக்கொண்டு போனால் அவனைத் தடுப்பார் யார்? ஒன்றுமில்லாத காகிதத்தை லட்சமென்று நம்புவதும், சரித்திரப் பொருளைக் குப்பையென்று கழிப்பதும் ஒரே அறியாமையின் இரண்டு பலன்கள். இந்த அறியாமையைப் போக்குவது பொதுக் காரியம் என்பதே நமது அபிப்பிராயம்.

பழைய நோட்டுகளுள் மிகவும் அரியவை தனிப் பாங்கிகள் வெளியிட்டவை. இன்று இந்தியாவில், கேட்ட மாத்திரத்தில் கொண்டுவருவோருக்குப் பணம் தருவதாக எழுதிய சீட்டை வெளியிடும் உரிமை ரிஸர்வ் பாங்குக்கும் மத்திய சர்க்காருக்குமே உண்டு. 1934-ஆம் வருஷத்து ரிஸர்வ் பாங்குச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு மற்றெவரையும் தடுக்கிறது. 1862-க்கு முன் நிலைமை வேறு. கல்கத்தாவில் 1806-இல் தோன்றி 1809-இல் பெங்கால் பாங்கி என்று பெயர் மாறியது ஒன்று. 1840-இல் ஏற்பட்ட பம்பாய் பாங்கி இன்னொன்று. 1843-இல் ஏற்பட்ட சென்னைப் பாங்கி மூன்றாவது. இவற்றில் கும்பெனி சர்க்காருக்குப் பங்கு இருந்ததேனும், மூலதனத்தின் பெரும்பகுதி தனிப்பட்டவர்களுடையது. இவையும் ஓரியண்டல் பாங்கி முதலிய வேறு சிலவும் தத்தம் பெயரால் நோட்டு வெளியிட்டு வந்தன. பெங்கால் பாங்கியின் நோட்டில் உருது, வங்காளி, நாகரி ஆகிய மூன்று லிபிகள் இருந்தன. சென்னைப் பாங்கியின் நோட்டில் கவர்னர் சர் தாமஸ் மன்றோவின் உருவம் பொறிக்கப்பட்டிருந்தது. மூன்று ராஜதானிப் பாங்கிகளுள்ளும் மிகக் குறைவாக நோட்டு வெளியிட்டது சென்னைப் பாங்கியே. 1861-ஆம் வருஷத்துக் காகித நாணயச் சட்டம் இவ்வுரிமையைப் பாங்கிகளிடமிருந்து பறித்துச் சர்க்காருக்கே உரியதாக்கிற்று. அதன்பின் வந்த நோட்டுகளில் விக்டோரியா ராணியின் முகம் ஏறியது.

இனி மதிப்பைப் பற்றிப் பேசுவோம். நோட்டு என்பது ஒரு வாக்குறுதி. “இதைக் கொண்டுவருபவருக்கு இத்தனை ரூபாய் தருவேன்” என்று பாங்கி எழுதிக் கையொப்பமிட்ட சீட்டு அது. வாக்கைக் காப்பாற்றிய பாங்கியிடம் நோட்டு திரும்பிப் போயிற்று. பணம் கொடுத்தபின் பாங்கி அதை ரத்துச் செய்து அழித்தது. ஆகவே நேர்மையாக நடந்த பாங்கியின் நோட்டுகளில் இன்று மிஞ்சியவை மிகச் சில. அவற்றுள்ளும் பல மாதிரிக்காக அச்சிட்டவையும் ரத்துச் செய்யப்பட்டவையுமே. வாக்குத் தவறி முறிந்த பாங்கியின் நோட்டோ, மாற்றுவாரின்றி ஜனங்களின் பெட்டியிலேயே தங்கிப் போகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1860-களுக்கு முன் எண்ணற்ற தனிப் பாங்கிகள் நோட்டு வெளியிட்டு, அவற்றுள் பல முறிந்தன. அந்த முறிந்த பாங்கிகளின் நோட்டுகள் பல இன்றும் அங்கே குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. நமது பாஷையில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல் வழங்குவது எவ்வளவு பொருத்தம்! நாணயமுள்ளவனின் நோட்டே பிற்காலத்தில் கிடைத்தற்கரியதாகிறது.

பாங்கி முறிந்தால் நோட்டு வைத்திருப்பவன் கதி என்ன என்பதை நமக்கு அண்டையிலுள்ள இலங்கை கண்டது. ஓரியண்டல் பாங்கியின் நோட்டுகளே அங்கே பெரிதும் வழங்கின. 1869-இல் தோன்றிய இலைநோயால் காப்பித் தோட்டங்கள் அழிந்தன. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த பாங்கியும் தளர்ந்து, 1884 மே 3-ந் தேதி கதவடைத்தது. கையில் நோட்டு வைத்திருந்தோர் கலங்கினர். கவர்னர் சர் ஆர்தர் கோர்டன் அந்நோட்டுகளுக்குச் சர்க்கார் பொறுப்பு என்று அறிவித்தபின்னரே கலக்கம் தணிந்தது. அவ்வருஷத்திலேயே சட்டம் இயற்றி, 1885 முதல் நோட்டு வெளியிடும் காரியத்தை இலங்கைச் சர்க்காரே மேற்கொண்டது. தமிழ்நாட்டுத் தொழிலாளர் மலைத் தோட்டங்களில் உழைத்த காலம் அது. அந்தப் பாங்கியின் நோட்டு ஒன்று இன்று அகப்படுமானால், அது அவர்கள் பட்ட பாட்டுக்கும் சாட்சியன்றோ?

நமது ஜில்லாவுக்கும் இத்தகைய அனுபவம் உண்டு. கடியப்பட்டணமும் நாஞ்சில் நாடும் திருவிதாங்கூரின் கீழிருந்த காலத்தில் ஜனங்கள் சக்கரமும் காசுமாகவே எண்ணினர். பதினாறு காசு ஒரு சக்கரம், இருபத்தெட்டரைச் சக்கரம் ஒரு பிரிட்டிஷ் ரூபாய். சிறு குழிகள் வெட்டிய சக்கரப் பலகையில் வாரி எண்ணிய உலோகத்தில் இருந்த நம்பிக்கை, காகிதத்தில் எளிதில் வரவில்லை. வந்த நம்பிக்கையையும் 1938 குலைத்தது. அவ்வருஷம் ஜூன் மாதம் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கி பணம் கொடுப்பதை நிறுத்திற்று. அதன் நிர்வாகிகள் சிறையிலிடப்பட்டனர். இதற்கெல்லாம் திவான் சர் சி. பி. ராமஸ்வாமி ஐயரின் அரசியல் விரோதமே காரணம் என்று ஸ்டேட் காங்கிரஸார் குற்றஞ்சாட்டினர். அது நோட்டு வெளியிட்ட பாங்கியன்று. ஆயினும் அதன் வைப்புச் சீட்டும் கணக்குப் புஸ்தகமும் வாக்குறுதிகளே. இலங்கையில் வெள்ளைக்காரக் கவர்னர் நோட்டுக்குப் பொறுப்பேற்றார். இங்கே போட்டவர்களின் பணத்துக்குத் திவான் சர்க்கார் பொறுப்பேற்கவில்லை. இந்தச் சீட்டுகள் எவர் வீட்டிலேனும் இருக்குமாயின், அவற்றை எரித்துவிடாதிருக்க வேண்டுகிறோம்.

மதிப்பிடும் முறையைச் சுருங்கச் சொல்வோம். முதலில் வெளியிட்டவர் யார் என்று பார்க்க வேண்டும். பெட்டியில் கிடப்பவற்றுள் பெரும்பாலானவை சர்க்கார் நோட்டும் ரிஸர்வ் பாங்கு நோட்டுமாகவே இருக்கும். பிரிட்டிஷ் இந்தியாவைச் சேர்ந்த தனிப் பாங்கி நோட்டு என்று ஒருவர் காட்டும் சீட்டில் 1862 மார்ச்சுக்குப் பிற்பட்ட தேதி காணப்படின் சந்தேகிக்க வேண்டும். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி இதற்கு விலக்கு; அங்கே இந்தோசீனா பாங்கி என்ற தனிப் பாங்கி இருபதாம் நூற்றாண்டிலும் ரூபாய் நோட்டு வெளியிட்டது. ஹாங்காங்கிலும் ஸ்காட்லாந்திலும் இன்றைக்கும் வர்த்தகப் பாங்கிகளே நோட்டு வெளியிடுகின்றன. கப்பலில் சென்று வந்தவர் கொண்டுவந்த ஹாங்காங் நோட்டைக் கண்டு அதிசயிக்க வேண்டியதில்லை. இரண்டாவதாக, எண்ணும் கையொப்பமும் இட்டு வழங்கப்பட்டதா, மாதிரியா, ரத்துச் செய்யப்பட்டதா என்று அறிய வேண்டும். மூன்றாவதாக, காகிதத்தின் நீர்க்குறி, மடிப்பு, ஊசித்துளை, ஒட்டு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். வழித் திருட்டுக்கு அஞ்சி, நோட்டை இரண்டாக வெட்டித் தனித்தனித் தபாலில் அனுப்பிப் பின் ஒட்டிக்கொள்வது அக்கால வழக்கம். ஒட்டிய நோட்டுக்கு விலை குறையலாம். ஆனால் அதன் சரித்திரம் பெரிது. எதையும் கழுவுவதும், தேய்ப்பதும், பசை நாடா ஒட்டுவதும் கூடா.

சேகரிப்போருக்கும் ஒரு வார்த்தை. நோட்டை வாங்கிப் பூட்டி வைப்பவன் காவற்காரன் மாத்திரமே. எந்த ஊரில், எந்தக் குடும்பத்தில், எவ்வாறு வந்தது என்பதை எழுதி வைப்பவனே சேகரிப்போன் என்ற பெயருக்கு உரியவன். ஊரும் வரலாறும் அறுந்த நோட்டு ஏலக் கடையின் சரக்காகிறது. சரித்திர மதிப்புள்ள ஆவணம் 75 வருஷங்களுக்கு மேற்பட்டதாயின், 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருட் சட்டம் அதையும் தொல்பொருளாகக் கொள்கிறது. தனிப்பட்டோர் தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்புவதை அச்சட்டம் தடுக்கிறது. இதைத் தரகர்கள் அறிவார்கள். பெட்டிக்குச் சொந்தக்காரர்கள் அறியவேண்டாமா?

ஆகவே நாம் வற்புறுத்துவன மூன்று. கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகத்தில், மாதத்தில் ஒரு நாள் ஜனங்கள் தங்கள் பழைய நோட்டையும் காசையும் கொண்டுவந்து, கட்டணமின்றி விவரம் கேட்டுப்போக ஏற்பாடு வேண்டும். தனிப் பாங்கி நோட்டுகளை அடையாளங் காட்டும் சிறு தமிழ்ப் புஸ்தகம் ஒன்று படத்துடன் வெளிவந்து, கடியப்பட்டணம் முதலான ஊர்களின் வாசகசாலைகளில் இருக்க வேண்டும். விற்க விரும்பாத குடும்பங்கள் தங்கள் சீட்டைப் படம் எடுத்துப் பதிவு செய்துகொள்ள வசதி வேண்டும். பொருள் வீட்டிலேயே இருக்கட்டும், அதன் செய்தி நாட்டுக்குப் பயன்படட்டும்.

இவை பெருஞ் செலவு பிடிக்கும் காரியங்களல்ல. ஊர் வாலிபர் சங்கங்கள் முன்வந்து கேட்டால் அதிகாரிகள் மறுக்கக் காரணமில்லை. அதுவரையில் நேயர்கள் ஒன்றை நினைவில் வைப்பார்களாக: பழைய நோட்டை வாங்க விரும்புபவன் பணம் தருவான், நம்மிடம் பணம் கேட்பவன் நோட்டை வாங்க வந்தவனல்லன்.