ஹெர்பீஸும் நன்னடத்தைச் சான்றிதழும்

பண்டார் பாருவானாலும் சரி, கெரியான் ஆற்றுக்கு அக்கரையில் பாரிட் புந்தாரானாலும் சரி, வரன் பேசுகிற இடத்தில் ஜாதகத்துக்குப் பக்கத்தில் ‘பிளட் டெஸ்ட்’ என்ற சொல்லும் வந்து உட்கார்ந்துவிட்டது. திருமணத்துக்கு முன் முஸ்லிம்கள் எச்ஐவி பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று ஜொகூர் 2001-இல் விதித்தது. பிறகு மற்ற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. முஸ்லிம் அல்லாத நமக்கு அது கட்டாயமில்லை, விரும்பினால் அரசாங்க கிளினிக்கில் எடுத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதன் நிழலில் ஒரு நம்பிக்கை வளர்ந்திருக்கிறது. ஒரே ஊசியில் எல்லா நோயும் தெரிந்துவிடும், தாள் சுத்தமாக வந்தால் ஆளும் சுத்தம், ஹெர்பீஸ் என்று வந்தால் யோக்கியதை வெளுத்துவிட்டது என்கிறார்கள். ஹெர்பீஸைப் பொறுத்தவரை இந்த மூன்றில் ஒன்றுகூட நிற்காது.

முதலில் அந்தத் தாளையே பார்ப்போம். எச்ஐவிக்காக எடுக்கும் இரத்தத்தில் யாரும் ஹெர்பீஸைத் தேடுவதில்லை. தனியாகக் கேட்டால்தான் பார்ப்பார்கள். அப்போதும் அந்தப் பரிசோதனை கிருமியைப் பார்ப்பதில்லை, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைத்தான் அளக்கிறது. அது இரத்தத்தில் தெரிய 12 வாரம் வரை ஆகலாம் என்பதால், போன மாதம் தொற்றியவருக்கும் ‘இல்லை’ என்றே வரக்கூடும். எதிர்ப்பக்கத் தவறு இதைவிட மோசம். எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கு இந்தச் சோதனை வேண்டாம் என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2016-இல் சொன்னது, 2023-இல் மறுபடியும் சொன்னது. சுமார் 15 விழுக்காட்டினருக்குத் தொற்று உள்ள மக்களிடம் இதை நடத்தினால், ‘உண்டு’ என்று வரும் முடிவுகளில் கிட்டத்தட்ட பாதி பொய்யாக இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. பூவா தலையா போட்டுப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அதை நம்பி நிச்சயத்தை நிறுத்துகிறவர்கள் விஞ்ஞானத்தின் பேரில் நிறுத்துவதாக நினைக்கிறார்கள்.

சரி, முடிவு உண்மையே என்று வைத்துக்கொள்வோம். அப்போதாவது அது நடத்தையைச் சொல்லுமா? ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸில் இரண்டு வகை உண்டு. 50 வயதுக்குக் கீழ்ப்பட்ட உலக மக்களில் ஏறக்குறைய 64 விழுக்காட்டினரிடம் முதல் வகை இருக்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்டது. பெரும்பாலும் அது குழந்தைப் பருவத்தில் எச்சில் வழியாக வருவது. ஆயாக்கொட்டகையில் வளர்ந்த பிள்ளைக்குப் பாட்டி கொடுத்த முத்தமே போதும். காய்ச்சல் விட்டதும் உதட்டோரத்தில் கொத்தாக எழும்பி, நாலு நாளில் பொருக்குத் தட்டி உதிர்கிறதே, அந்தக் கொப்புளம் இதுதான். அதே வகை பிறப்புறுப்பிலும் வரும். பெரும்பாலும் உடலுறவில் பரவும் இரண்டாம் வகை, 15 முதல் 49 வயது வரையுள்ளவர்களில் 13 விழுக்காட்டினரிடம் இருக்கிறது. அவர்களில் பலருக்கு அது தெரியவே தெரியாது. வருஷக்கணக்கில் நரம்பில் உறங்கிவிட்டு முதல் கொப்புளம் இன்றைக்கு எழும்பலாம். ஆகவே எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தத் தாளும் சொல்லாது. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் புண் வந்தால் அது துரோகத்துக்குச் சாட்சியும் ஆகாது. (நம் பெரியவர்கள் காவி குழைத்து எழுதும் அக்கி வேறு. ஆங்கிலத்தில் அதற்கும் ஹெர்பீஸ் என்ற பெயர் ஒட்டியிருந்தாலும், அது சின்னம்மைக் கிருமியின் வேலை.)

இவ்வளவு பரவலான ஒன்றை எதற்குத் துணையிடம் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் சொல்வதால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. புதிதாகத் தொற்று வந்தவர்களை வைத்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், துணை முன்கூட்டியே சொல்லியிருந்தவர்களுக்குத் தொற்று வர நடுவளவாக 270 நாள் ஆனது. சொல்லாத இடத்தில் 60 நாள். புண் இருக்கும் நாளில் விலகியிருப்பதும் ஆணுறையும் பேசியவர்களுக்கு இடையில்தான் நடக்கும். தொற்று உள்ளவர் தினம் ஒரு வேளை எடுக்கும் வாலாசைக்ளோவிர் மாத்திரை, துணைக்குத் தொற்றுவதை ஏறத்தாழ பாதியாகக் குறைக்கிறது என்று 1,484 ஜோடிகளிடம் நடந்து 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. பிள்ளைப்பேறு வரும்போது இது இன்னும் அவசியம். பழைய தொற்று உள்ள தாயிடமிருந்து பிரசவத்தில் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பிரசவம் நெருங்கும் சமயத்தில் கணவனிடமிருந்து புதிதாக வாங்கிக்கொண்ட தாயிடமிருந்தோ 30 முதல் 50 விழுக்காடு. ஆபத்து கணவனின் மௌனத்தில் இருக்கிறது. நாமோ பெண்ணின் தாளைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம்.

சொன்னால் கல்யாணம் நின்றுவிடும், அதுவும் பெண் சொன்னால் ஊரே பேசும் என்ற பயம் பொய்யல்ல. ஆனால் சொல்ல வேண்டியது கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் மட்டும்தான். தரகருக்கும் மாமியாருக்கும் அதில் வேலையில்லை. கிளினிக்குக்குப் போனால் பெயர் மேலிடத்துக்குப் போய்விடும் என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: மலேசியாவின் 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தின்படி தெரிவித்தே ஆகவேண்டிய நோய்களில் எச்ஐவியும் சிபிலிஸும் உண்டு, ஹெர்பீஸ் இல்லை. இதைவிடப் பாரமான செய்தியைச் சொல்லியும் தாலி ஏறியிருக்கிறது. 1986-இல் சென்னையில் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்த டாக்டர் சுனிதி சாலமன், பின்னாளில் எச்ஐவி உள்ளவர்களுக்கு அவரே வரன் பார்த்துக் கொடுத்தார். அங்கே எல்லாம் தெரிந்த பிறகுதான் பேச்சே தொடங்கியது.

ஆகவே அறிகுறி இல்லாதவரை ஊசிக்கு இழுக்காதீர்கள். கொப்புளம் இருந்தால் அது ஈரமாக இருக்கும்போதே கிளினிக்குக்குப் போய், பஞ்சுக்குச்சியில் எடுத்துப் பார்க்கும் பிசிஆர் சோதனை உண்டா என்று கேளுங்கள். காய்ந்துவிட்டால் அதிலும் சரியாகத் தெரியாது.