அளவுகோல் யார் கையில்?

“ஊர் திரும்பலாம், பயமில்லை” என்று ராங்கெலாப், பிகினி ஆகிய இரண்டு தீவு மக்களிடமும் அமெரிக்க சர்க்கார் சொன்னது. இரண்டு இடத்திலும் அந்த வாக்கு பொய்த்தது. ஏன் பொய்த்தது?

பசிபிக் மகாசமுத்திரத்திலுள்ள மார்ஷல் தீவுகளைச் சேர்ந்தவை இவை. 1946 முதல் 1958 வரை அமெரிக்கா அங்கே 67 முறை அணுகுண்டு வெடித்துப் பரீட்சை பார்த்தது. பிகினியில் வாழ்ந்த 167 பேரை 1946லேயே வெளியேற்றிவிட்டது. 1954 மார்ச் 1ந் தேதி அங்கே வெடித்த ஹைட்ரஜன் குண்டு ஹிரோஷிமா குண்டைப் போல் ஆயிரம் மடங்கு. அதன் விஷச் சாம்பல் ராங்கெலாப் மக்களின் தலைமேல் கொட்டியது. அவர்களை அகற்ற இரண்டு நாட்களாயின.

1957ல் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். 1963 முதல் அவர்களிடம் தைராய்டு கட்டிகள் தோன்றின. மண்ணில் இன்னும் விஷம் இருக்கிறதென்று அஞ்சி, 1985ல் கிரீன்பீஸ் இயக்கத்தின் கப்பலேறித் தாய்மண்ணை விட்டே போனார்கள். பிகினிக்குத் திரும்பலாமென்று 1968ல் ஜனாதிபதி ஜான்சன் அறிவித்தார். திரும்பியவர்களின் உடலில் சீசியம் என்னும் கதிரியக்கப் பொருள் ஏறிக்கொண்டே போயிற்று. 1978ல் மறுபடியும் வெளியேற்றம்!

கணக்கில் கோளாறு எங்கே? சோற்றுத் தட்டில்தான்.

சீசியம், பயிருக்கு வேண்டிய சாம்பல் சத்தைப் போன்றது. பவளத் தீவின் மண்ணில் சாம்பல் சத்து குறைவு. ஆகவே தென்னையும் ஈரப்பலாவும் சீசியத்தை உறிஞ்சுகின்றன. அதில் பாதி அழியவே 30 வருஷமாகும். கருவியைத் தரையில் வைத்து அளந்தால் அபாயம் சிறிதாகத் தெரியும். ஆனால் மனிதன் தரையில் நடப்பதோடு நிற்கிறானா? இளநீர் குடிக்கிறான், தேங்காய் தின்கிறான். உள்ளூர் உணவை எவ்வளவு தின்பார்கள் என்பதை அதிகாரிகள் குறைத்தே கணக்கிட்டார்கள். வெளியிலிருந்து உணவு வருமென்றார்கள். கப்பல் வராத நாளில் ஏழை எதைத் தின்பான்?

இது விஞ்ஞானத்தின் குற்றமல்ல. உள்ளூர் உணவையே உண்டு பிகினியில் நிரந்தரமாகக் குடியேறக்கூடாது என்று 1998ல் சர்வதேச அணுசக்தி ஏஜென்சியின் அறிக்கை கூறியது. பொட்டாஷ் உரமிட்டால் மரம் சீசியத்தை உறிஞ்சுவது குறையுமென்று வழியும் காட்டியது. குற்றம், குண்டு போட்டவனே அளவுகோலையும் கையில் வைத்திருந்ததுதான். மிராசுதார் தன் மரக்காலால் அளந்த கூலியை எந்த விவசாயத் தொழிலாளி நம்பினான்? ராங்கெலாப் மக்கள் அங்கே வாழ்வது மனித உடலைப் பற்றி மதிப்புமிக்க விவரங்களைத் தருமென்று அவர்களைச் சோதித்த அமெரிக்க விஞ்ஞானிகளே எழுதி வைத்தார்கள். மக்கள் அவர்களுக்குப் பரீட்சைப் பொருள்!

நஷ்ட ஈட்டிலும் இதே கதை. 2001ல் அணு நஷ்டஈட்டு டிரிப்யூனல் பிகினி மக்களுக்கு 56 கோடி டாலருக்கு மேல் தீர்ப்பளித்தது. கொடுக்க அதனிடம் போதிய நிதியில்லை. 2010ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வழக்கை ஏற்கவே மறுத்தது.

திரும்புவதா வேண்டாமா என்பதை அம்மக்களே தீர்மானிக்க வேண்டும். அளப்பவர்கள் அவர்கள் நம்பித் தேர்ந்தெடுக்கும் விஞ்ஞானிகளாக இருக்க வேண்டும். அவர்கள் உண்மையில் உண்பதை வைத்தே அளக்க வேண்டும். மண்ணைச் சீர்செய்யும் செலவு முழுவதையும் கெடுத்தவன் தலையில்தான் வைக்க வேண்டும். அதுவரை “பயமில்லை” என்று சொல்ல வாஷிங்டனுக்கு என்ன யோக்கியதை?