கைபேசியின் காவல் யார் பொறுப்பு?

கைபேசி காரணமின்றிச் சூடேறுகிறது, பாட்டரி மாலைக்குள் தீர்ந்துவிடுகிறது, பேசும்போது நடுவில் ஏதோ இரைச்சல் கேட்கிறது என்றால், யாரோ அதை ஹேக் செய்துவிட்டார்கள் என்று அஞ்சுகிற வழக்கம் இன்று படித்தவர், படியாதவர் என்ற பேதமின்றி எல்லோரிடமும் பரவியிருக்கிறது. அச்சம் நியாயமானதே, ஆனால் அதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும் லட்சணங்களை நம்புவதற்கில்லை. மூன்று வருஷம் உழைத்த பாட்டரி தன் சக்தியை இழப்பதும், சித்திரை வெயிலில் வீடியோ ஓடும் கருவி கொதிப்பதும், டவர் எட்டாத ஊரில் சிக்னலைத் தேடித் தேடியே மின்சாரம் விரயமாவதும் சாதாரணக் காரியங்கள். மறுபக்கம், திறமையோடு எழுதப்பட்ட உளவு நிரலோ தான் இருப்பதை எவ்வகையிலும் காட்டிக்கொள்ளாமல் வேலை செய்வதற்கென்றே உருவாக்கப்படுகிறது. நாடி பிடித்து நோயறிகிற வைத்திய முறை, ஆகவே, இங்கே இரண்டு திசையிலும் பொய்த்துப்போகிறது: குற்றமற்ற கருவி சந்தேகத்துக்கு ஆளாகிறது, களங்கப்பட்ட கருவி நற்சான்று பெற்றுவிடுகிறது.

2016-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த சம்பவம் ஒன்றை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். மனித உரிமைகளுக்காகப் பாடுபட்டுவந்த அகமது மன்சூரின் ஐபோனுக்கு, அந்நாட்டுச் சிறைகளில் நடக்கும் சித்திரவதை பற்றிய புதிய ரகசியங்களைக் காட்டுவதாக ஆசைகாட்டும் குறுஞ்செய்திகள், ஓர் இணைப்போடு, அடுத்தடுத்து இரண்டு நாட்கள் வந்தன. முன்பே வேறு உளவு நிரல்களுக்கு இலக்காகி அடிபட்டிருந்த அவர், அந்த இணைப்பைத் தொடாமல், கனடாவில் டொரண்டோ சர்வகலாசாலையைச் சேர்ந்த சிட்டிசன் லேப் ஆராய்ச்சியாளர்களுக்கு அப்படியே அனுப்பிவைத்தார். அவர்கள் ஆராய்ந்தபோது, ஆப்பிள் நிறுவனமே அதுவரை அறியாதிருந்த மூன்று பிழைகளை ஒன்றோடொன்று கோத்து, ஒரே தொடுதலில் கருவி முழுவதையும் கைப்பற்றிவிடும் தந்திரமும், அதன் பின்னே இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. நிறுவனம் விற்றுவந்த பெகாசஸ் என்னும் நிரலும் வெளிப்பட்டன. அம்மாதம் 25-ஆம் தேதி ஆப்பிள் வெளியிட்ட ஐ.ஓ.எஸ். 9.3.5 அப்டேட் அந்தப் பிழைகளை அடைத்து, மன்சூரைக் கண்டிராத எத்தனையோ தேசத்து மக்களின் ஐபோன்களையும் காத்தது. அவருக்குக் கருவி எந்த எச்சரிக்கையும் தரவில்லை. கேளாமல் வந்த செய்தியின்மேல் அவர் கொண்ட சந்தேகம் ஒன்றே துணை நின்றது. அடுத்த வருஷம் அவர் கைதானார். 2018-ல் பத்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கைபேசியைக் காத்துக்கொண்டவரால் தம்மைக் காத்துக்கொள்ள முடியவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்லியாக வேண்டும்.

நம்மில் பெரும்பாலோரை உளவு பார்ப்பதற்கு எந்த சர்க்காரும் பெகாசஸை விலைகொடுத்து வாங்கப்போவதில்லை. சாமானியரின் கைபேசிக்குள் நுழைகிற திருடன், சாமானியரின் சொந்த விரலையே பிரயோகித்து நுழைகிறான். கலியாணப் பத்திரிகை என்றும், போக்குவரத்து அபராதம் என்றும், வங்கிக் கணக்கின் கே.ஒய்.சி. இன்றோடு காலாவதியாகிறது என்றும் வாட்ஸ்அப்பில் வருகிற ஏ.பி.கே. கோப்பு, உண்மையில் பத்திரிகையோ ரசீதோ அன்று. நிறுவிக்கொள்ளக் காத்திருக்கும் ஒரு செயலி. அதைத் திறந்தவுடன், எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி வேண்டும் என்று அது கேட்கும். கொடுத்துவிட்டால், அதன்பின் வங்கி அனுப்புகிற ஓ.டி.பி. அனைத்தும் உரியவர் பார்க்குமுன்பே வேறொருவரைச் சென்றடையும். அதனினும் கொடியது 'ஆக்சஸிபிலிட்டி' என்ற அனுமதி. பார்வையற்றோரும் விரலசைக்க இயலாதோரும் கைபேசியைப் பிறர் துணையின்றி ஆளவேண்டும் என்ற உன்னத நோக்கத்தோடு ஏற்பட்ட இந்த வசதி, திரையில் தெரிவதையெல்லாம் படிக்கவும், உரியவருக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தவும் செயலிக்கு அதிகாரம் கொடுக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கென வகுத்த ஒரு நல்ல ஏற்பாட்டைத் திருடர்கள் இவ்வாறு களங்கப்படுத்தியிருப்பது, திருட்டைக் காட்டிலும் மனத்தை உறுத்துகிறது.

ஆதலால், கருவி ஹேக் செய்யப்பட்டிருக்கிறதா என்று அறிய விரும்புகிறவர், சூட்டையும் இரைச்சலையும் விட்டுவிட்டு, யார் யாருக்கு என்னென்ன அனுமதி கொடுத்திருக்கிறோம் என்பதைப் பரிசோதிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு கருவியானால், செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி, டிவைஸ் அட்மின், நோட்டிஃபிகேஷன்களைப் படிக்கும் உரிமை, எஸ்.எம்.எஸ். உரிமை ஆகிய நான்கு இடங்களிலும் பெயர் தெரியாத செயலி எதுவும் அமர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதே பாதிப் பரிசோதனை. மீதிப் பாதி கருவிக்கு வெளியே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்னும் பகுதியைத் திறந்தால், நம் உரையாடல்கள் வேறு எந்தக் கணினியில் திறந்திருக்கின்றன என்பது தெரியும். கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலும் அதேபோன்ற பட்டியல் உண்டு. நிரல் எதையும் நிறுவாமல், கடவுச்சொல்லை மட்டும் கவர்ந்துகொண்டு ஒருவருடைய புகைப்படங்களையும் கடிதங்களையும் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இந்தப் பட்டியல்களிலேதான் அகப்படுகிறார்கள். *#21# என்று அழுத்தினால் ஒட்டுக்கேட்பது தெரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நமக்கு வரும் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கின்றனவா என்பதை மட்டுமே அது சொல்லும். ஆனால் அதுவும் அற்பமான விஷயமில்லை. தொலைபேசி நிறுவன ஊழியர் என்று சொல்லிக்கொண்டு, *401* என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் செய்து, பிறருடைய அழைப்புகளைத் தம்பக்கம் திருப்பிக்கொண்டவர்களின் மோசடி பெருகியதால்தான், அந்த வகைச் சேவையை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கும்படி மத்திய தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது.

குடும்பத்துக்குள்ளேயே நிகழ்கிற வேவு ஒன்றுண்டு. அதைப் பற்றி நாம் பேசக் கூசுகிறோம். மனைவியின் கைபேசியைச் சில நிமிஷம் கையில் வாங்கிய கணவன், அவள் எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள் என்பதை நாள்தோறும் தனக்கு அறிவிக்கும் செயலியை அதில் வைத்துவிடுவது, எந்த வெளிநாட்டு ஹேக்கரின் துணையும் வேண்டாத காரியம். இத்தகைய நிலையில் இருக்கும் பெண்ணுக்கு, கண்டவுடன் அழித்துவிடு என்ற பொது உபதேசம் ஆபத்தாகவும் முடியலாம். செய்தி நின்றுபோனதை மறுபக்கத்தில் இருப்பவன் உடனே அறிந்துகொள்வான். நம்பிக்கைக்குரியவரின் வேறொரு கைபேசியிலிருந்து யோசனை கேட்டு, சாட்சியத்தைப் பத்திரப்படுத்தி, தன் உடலுக்குத் தீங்கு நேராத ஏற்பாட்டைச் செய்துகொண்ட பிறகே அவள் அந்தச் செயலியைத் தொடவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பணத் திருட்டில் இதற்கு நேர்மாறாக, வேகமே பிரதானம். சந்தேகம் உறுதியானவுடன் இணைய இணைப்பைத் துண்டித்து, வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கிக்கும் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் அறிவிக்க வேண்டும். கைமாறிய பணம் வேறு கணக்குகளுக்குச் சிதறுமுன் முடக்கப்படுவதற்கு அந்த ஆரம்ப நேரமே வாய்ப்பளிக்கிறது. கடவுச்சொற்களைக் களங்கப்பட்ட கருவியிலேயே அமர்ந்து மாற்றுவதால் பயனில்லை. புதிய சொல்லும் அங்கேயே வாசிக்கப்படும். இறுதியில் ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டு, பழைய சேமிப்பிலிருந்து செயலிகளை மொத்தமாகத் திரும்பக் கொணராமல், வேண்டியவற்றை மட்டும் ஒவ்வொன்றாகப் புதிதாக நிறுவிக்கொள்வதே உத்தமம்.

இவையெல்லாம் பிரஜை தானே செய்யக்கூடியவை. விரலைத் தொடச் சொல்லாமலே நுழைகிற வித்தைக்கு வரும்போது, சுயமுயற்சி அநேகமாக ஓய்ந்துபோகிறது. 2019-ல் வாட்ஸ்அப்பிலிருந்த ஒரு பிழை வழியே, அழைப்பை எடுக்காதவரின் கருவிக்குள்ளும் பெகாசஸ் நுழைய முடிந்தது. சுமார் 1,400 பேர் இலக்கானதாக வாட்ஸ்அப் நிறுவனம் அறிவித்ததில் இந்தியப் பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் இருந்தார்கள். 2021-ல் கண்டுபிடிக்கப்பட்ட மற்றொரு தாக்குதல், படம்போல் வேஷமிட்ட கோப்பாக ஐபோனின் செய்திப் பெட்டிக்கு வந்து, திறக்கப்படாமலே தன் வேலையை முடித்துக்கொண்டது. அபாயத்துக்கு இலக்காகக்கூடியவர்கள் ஆப்பிளின் 'லாக்டவுன் மோட்' என்னும் கடுமையான காவலை வைத்துக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை கருவியை அணைத்து எழுப்பும்படி அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமை சொல்லியிருக்கும் யோசனையும், நினைவகத்தில் மட்டும் தங்கும் நிரல்களைக் கலைக்கும் என்பதால், பயனுடையதே. ஆனால் வந்துபோனது யார் என்பதை நிரூபிக்க, ஆம்னஸ்டி அமைப்பு வெளியிட்டுள்ள பரிசோதனைக் கருவி போன்ற நுட்பமும் அதை இயக்கத் தெரிந்த நிபுணரும் வேண்டும்.

நிபுணர்கள் இருந்தால் மட்டும் போதுமா என்பதற்கு நம் நாட்டின் அனுபவமே விடை. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.வி. ரவீந்திரனின் மேற்பார்வையில் இந்தியர்களின் கைபேசிகள்மேல் பெகாசஸ் ஏவப்பட்டதாக எழுந்த புகாரை விசாரிக்கத் தொழில்நுட்பக் குழுவை நியமித்தது. பரிசோதனைக்கு வந்த 29 கைபேசிகளில் 5-ல் ஏதோ தீய நிரல் இருந்ததென்றும், அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லையென்றும், மத்திய சர்க்கார் ஒத்துழைக்கவில்லையென்றும் 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. பெகாசஸை வாங்கினோமா இல்லையா என்ற ஒற்றைக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் வாய்திறக்காத வரையில், உலகின் சிறந்த பரிசோதனைக்கூடமும் பாதி உண்மையைத்தான் தரமுடியும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்த தேசத்தில், தன் உரிமை மீறப்பட்டதா என்று தெரிந்துகொள்ளும் பாரத்தைத் தனிமனிதன் தலையில் மட்டும் ஏற்றுவது அநீதி.

இதைப் போலவே ஏழையின் தலையில் ஏற்றப்பட்டிருக்கும் இன்னொரு பாரம் உண்டு. பிழைகளை அடைக்கும் பாதுகாப்பு அப்டேட்டே கைபேசியின் முதற்காவல் என்று நிபுணர்கள் அனைவரும் சொல்கிறார்கள். ஆனால் கூகுள் பிக்ஸல் 8, சாம்சங் கேலக்ஸி எஸ் 24 போன்ற விலையுயர்ந்த கருவிகளுக்கு ஏழு வருஷம் வாக்களிக்கப்படும் அப்டேட், கூலித் தொழிலாளி தவணையில் வாங்குகிற மலிவான கருவிக்குச் சில வருஷங்களிலேயே நின்றுபோகிறது. அவர் அதன்பிறகும் அதே கருவியில்தான் சம்பளம் பெறுகிறார், பணம் அனுப்புகிறார், பிள்ளையின் படிப்பைக் கவனிக்கிறார். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாதிரியின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது ஐந்து வருஷம் இயங்குதள அப்டேட் அளிக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தியிருக்கிறது. பிரிட்டனோ 2024 ஏப்ரல் 29 முதல், எத்தனை காலம் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்பதை வாங்குகிறவருக்கு முன்கூட்டியே அறிவிக்கச் சொல்கிறது. நம் நாட்டிலும் பெட்டியின்மேல் அதிகபட்ச விலையையும் தயாரித்த மாதத்தையும் அச்சிடும்படி சட்டம் ஏற்கனவே இருக்கிறது. அதே பெட்டியில், அதே அளவு எழுத்தில், கடைசிப் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் தேதியையும் தமிழ் உள்ளிட்ட அந்தந்த மாநில மொழியில் அச்சிடவேண்டும் என்ற ஒரு விதியை அவற்றோடு சேர்ப்பதற்குப் புதிய சட்டம்கூட வேண்டியதில்லை. இருக்கும் விதிகளில் ஒரு திருத்தம் போதும்.