மலையை மொட்டையடித்தால் காட்டுத்தீ நிற்குமா?

கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ பரவும்போதெல்லாம் பழி முதலில் மலைப் புதர்கள் மேல்தான் விழுகிறது. ‘எல்லாத்தையும் வெட்டித் தள்ளுங்க, தீ தானா நின்னுடும்’ என்கிறார்கள். விஷயம் அவ்வளவு சுலபமில்லை. சியானோதஸ் என்ற ஒரு புதரைப் பார்த்தாலே இது புரியும்.

அது என்ன செடி?

நம்மூர் இலந்தையின் குடும்பம். கோடையில் மழையே பார்க்காத, ‘சப்பரல்’ எனப்படும் புதர்க்காட்டுச் சரிவுகளில் வளரும். வசந்தத்தில் மலையே நீலமும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கும். பூவைத் தண்ணீர் விட்டுக் கசக்கினால் சோப்பு போல நுரை வரும். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும், மண்ணும் வளமாகும்.

தீயோடு என்ன தொடர்பு?

விதைத் தோல் ரொம்பக் கெட்டி. தீயின் சூடு பட்டால்தான் உள்ளே தண்ணீர் இறங்கும். அதுவரை பல பத்தாண்டுகள்கூட மண்ணுக்குள் தூங்கும். அதனால்தான் ‘நெருப்பை விரும்பும் செடி’ என்கிறார்கள். இது பாதி உண்மைதான். பல சியானோதஸ் இனங்கள் எரிந்துபோனால் அடியிலிருந்து துளிர்க்காது. விதை மட்டுமே வாரிசு. கன்று வளர்ந்து, பூத்துக் காய்த்து, மண்ணில் போதிய விதை சேரப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் இன்னொரு தீ வந்தால் கதை முடிந்தது.

2003 அக்டோபரில் சான்டியேகோ பகுதியில், வழிதவறிய வேட்டைக்காரர் ஒருவர் உதவி கேட்டு மூட்டிய தீ 2.7 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. அதில் ஒரு பகுதி 2007-ல் மறுபடி எரிந்தது. நான்கு வயதுக் கன்றுகள் என்ன விதையைச் சேர்த்திருக்கும்? இப்படி அடிக்கடி எரியும் இடங்களில் அயல்நாட்டுப் புற்கள் குடியேறுகின்றன. அவை சீக்கிரம் காய்ந்து, புதரைவிடச் சுலபமாகப் பற்றிக்கொள்ளும். புதரை வழித்தெடுத்த இடத்திலும் நடப்பது இதேதான்.

அப்போ என்னதான் செய்வது?

வீட்டைச் சுற்றி 100 அடிக்குப் புதர்களைக் குறைக்கச் சொல்கிறது கலிஃபோர்னியா சட்டம். அது நியாயம். ஊரைவிட்டுத் தள்ளியிருக்கும் மலையை மழிப்பதில்தான் பலன் குறைவு. சான்டா அனா காற்று வீசும்போது தீப்பொறிகள் வெட்டிய இடத்தைத் தாண்டிப் பறந்து, வீட்டின் காற்றுத் துளைகளுக்குள் புகுந்துவிடும். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 16,000-க்கும் அதிகமான கட்டடங்கள் அழிந்தன. பல தெருக்களில் தீ வீட்டிலிருந்து வீட்டுக்கே தாவியது.

தென் கலிஃபோர்னியாவின் பெரும்பாலான தீக்களுக்கு மனிதர்களே காரணம்: மின்கம்பி, வாகனம், சரியாக அணைக்காத நெருப்பு. பணமும் கவனமும் அங்கே போகட்டும். எளிதில் பற்றாத கூரை, காற்றுத் துளைகளுக்கு நெருக்கமான வலை, ஆபத்தான இடங்களில் பூமிக்கடியில் மின்கம்பி. மலைச்சரிவில் புது வீட்டுக்கு அனுமதி கொடுக்கும் முன் இரண்டு முறை யோசனை. இவற்றைச் செய்தால் வீடும் தப்பும், சியானோதஸுக்கு விதை சேர்க்க நேரமும் கிடைக்கும்.